இருபது மாணவர்களுக்கு விக்கிப்பீடியாவில் மேற்கோள் சேர்க்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதாகவும், போன வருடம் இருபது மாணவர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி நடத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேலம், ஏற்காடு பற்றிய கட்டுரைகளில் ‘சான்று தேவை’ என்று நின்ற இடங்களுக்கெல்லாம் மாணவர்கள் மேற்கோள், அதாவது செய்தி எந்த ஆதாரத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு, சேர்த்தார்கள், ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டது, பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். இந்த முறை எந்தக் கருவியைச் சொல்லிக்கொடுத்தால் மேற்கோள் நிற்கும் என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு தடவை படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. நீக்கப்பட்டவை ஏன் நீக்கப்பட்டன என்று மாணவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்கும் அது தெளிவாகவில்லை. எது மேற்கோள் ஆகும், எது ஆகாது என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. கருவியைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது பின்னால் வரும்.

நானும் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் பன்னிரண்டு ஆண்டாகத் தொகுக்கிறேன், நிர்வாகி இல்லை. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு, பெரும்பாலும் சேலத்தைச் சுற்றியுள்ள கல்லூரிகளில், பயிற்சி கொடுத்திருக்கிறேன். நூறு பேரை அரங்கில் உட்காரவைத்து நடத்தும் பயிற்சிக்கு நான் சொல்வது பொருந்தாது. உங்கள் இருபது பேருக்குப் பொருந்தும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. ‘சான்று தேவை’ குறியைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை அப்படியே கூகுளில் ஒட்டித் தேடச் சொல்கிறோமே, அங்கேதான் எல்லாம் பிசகுகிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்ற வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். விடுதிகளின் தளங்கள், பயண வலைப்பதிவுகள், வாடகைக் கார் நிறுவனங்களின் பக்கங்கள் என்று வரிசைகட்டி வரும். எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லும், சில சமயம் ஒரே எழுத்துப்பிழையோடு. அவற்றில் பல விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியவை. அதில் ஒன்றை மாணவர் மேற்கோளாகப் போட்டால், விக்கிப்பீடியா தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்கிறது. அதைப் பார்க்கும் பழைய பயனர் நீக்கத்தான் செய்வார்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். தொகுக்கத் தொடங்கிய புதிதில், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள் பற்றி மேற்கோள் இல்லாமல் இரண்டு வரி எழுதினேன். சில மாதம் கழித்து யாரோ அதில் ‘சான்று தேவை’ போட்டிருந்தார்கள். உடனே தேடி, அழகாக அதையே சொல்லும் ஒரு சுற்றுலாத் தளத்தைக் கண்டுபிடித்து மேற்கோளாகச் சேர்த்துவிட்டேன். வெகுநாள் கழித்து அந்தத் தளத்தைப் பொறுமையாகப் படித்தபோது ஒரு சொற்றொடர் ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. நான் எழுதிய சொற்றொடர்! கட்டுரையில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் தேதியைப் பார்த்தேன். என் வரிகள் மூத்தவை, அந்தப் பக்கம் இளையது. நானே கிளப்பிவிட்ட செய்திக்கு நானே சாட்சி தேடியிருக்கிறேன்.

அதிலிருந்து பயிற்சியைத் தலைகீழாகத் தொடங்குகிறேன். வாக்கியத்துக்கு நூல் தேடுவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் நூலுக்கு ஏற்ற வாக்கியத்தைத் தேடுகிறோம். சேலத்துக்கு நல்ல காலம், பழைய நூல்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்ட விவர நூல், 1918. இரண்டும் பதிப்புரிமைக் காலம் தாண்டியவை, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் வருடிய (ஸ்கேன் செய்த) படிகளாகக் கிடைக்கின்றன. தமிழில் வேண்டுமென்றால், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. உங்கள் நூலக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகளை மறந்துவிடாதீர்கள். கிராமம் கிராமமாகத் தகவல் கொடுக்கும் நூல் அதைப்போல வேறில்லை.

ஆளுக்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், ஒரே ஒரு பக்கம் போதும். அரை மணி நேரம் அதைப் படிக்கட்டும். படித்து முடித்ததும், அந்தப் பக்கம் சொல்கிற ஒரே ஒரு செய்தியைப் பார்க்காமல் சொந்த நடையில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதை வாங்கி, மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டு, அந்தப் பக்கம் இதைச் சொல்கிறதா, கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்த இடத்தில் சிரிப்பும் சண்டையும் வரும், வரவேண்டும். கணினியைத் திறக்கும் முன்பே மேற்கோள் என்றால் என்னவென்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் அந்தச் செய்தி எந்தக் கட்டுரையில், எந்தப் பத்தியில் உட்காரும் என்று தேடினால் போதும்.

பழைய நூல்களில் ஒரு குழி இருக்கிறது, அதை மட்டும் முதலிலேயே காட்டிவிடுங்கள். 1883இல் சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். தருமபுரி 1965இல் பிரிந்தது, அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆனது, அதற்கு முன்பே ஒரு சுற்று திருச்சியோடு போய்த் திரும்பிய தாலுகா அது. என்னிடம் படித்த ஒரு மாணவர் கெசட்டியரிலிருந்து மாவட்டப் பரப்பளவை எடுத்து, பக்க எண்ணோடு, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மேற்கோள் போட்டுச் சேர்த்தார். கட்டுரையில் அதற்கு அடுத்த வரியில் 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகை, 34,82,056. பரப்பளவு ஒரு மாவட்டத்துக்கு, மக்கள் இன்னொரு மாவட்டத்துக்கு! மேற்கோள் சரி, வாக்கியம் தவறு. இன்னொருவர் ஆங்கில நூலில் ‘சாக் ஹில்ஸ்’ என்று பார்த்துச் சுண்ணாம்பு மலை என்று மொழிபெயர்த்துவிட்டார். வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. அங்கே வெட்டி எடுப்பது மாக்னசைட், நம் ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வகுப்பிலேயே எழுந்து திருத்தினாள். உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்துப் பயிற்சி நடத்துவதில் இந்த லாபம் உண்டு.

எண்கள் வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏற்காட்டின் உயரம் 1,515 மீட்டர் என்று ஒரு பக்கம் சொல்லும், 1,623 என்று இன்னொன்று சொல்லும். மாணவர்கள் உடனே எது சரி என்று கேட்பார்கள். முதல் எண் ஊருக்கு, அதாவது 4,970 அடி. இரண்டாவது சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்கு, 5,326 அடி. பல தளங்கள் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கின்றன. பொய்யான எண் என்று எதையும் தள்ளிவிடும் முன், அது எதைப் பற்றிய எண் என்று கேட்கப் பழக்குங்கள். சேலம் நகரத்தின் மக்கள்தொகையிலும் இதே தொல்லைதான். மாநகராட்சி எல்லைக்கு ஓர் எண், சுற்றுப்புறமும் சேர்ந்த நகரத் தொகுதிக்கு வேறோர் எண். இரண்டும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து வருவதால் மேற்கோளைப் பார்த்து மட்டும் தவறைப் பிடிக்க முடியாது.

ஒரு முறை ஏற்காட்டுக்கே கூட்டிப்போய்ப் பயிற்சி வைத்தோம். பேருந்தில் ஒரு மாணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். மேலே போய் இறங்கியதும், “மேடம், இருபது. நானே எண்ணினேன், கட்டுரையில் சேர்த்துடட்டுமா?” என்றார். எண்ணிக்கை சரிதான். ஆனால் படிக்கிறவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்? இவருடைய விரலையா? விக்கிப்பீடியாவில் மெய்யறிதன்மை என்று சொல்வது இதைத்தான். நமக்குத் தெரியும் என்பது போதாது, அடுத்தவர் போய்ப் பார்க்கக்கூடிய வெளியான ஆதாரம் வேண்டும். அவர் விடவில்லை. “வளைவுக்கு வளைவு பலகையில் எண் போட்டிருக்கே மேடம், அது வெளியானது இல்லையா?” என்றார். நல்ல கேள்வி. சாலைப் பலகை, கல்வெட்டு, கல்லறை வாசகம் இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடியவைதான், ஆனால் இவற்றை மேற்கோளாக ஏற்பதா என்பதில் பயனர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நான் ஏற்பதில்லை, நாளிதழோ நூலோ தேடுங்கள் என்பேன். கொஞ்சம் இளகிய மனம் உள்ளவர்கள் ஏற்பார்கள். இது என் கருத்து, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கருவி. பார்த்துத் தொகுக்கும் தொகுப்பானில் மேற்கோள் பொத்தானை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். அதில் இணைய முகவரியையோ, நூலுக்குரிய தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையோ ஒட்டினால் ஆசிரியர், தலைப்பு, தேதி எல்லாவற்றையும் தானே நிரப்ப முயலும். பெரிய ஆங்கில நாளிதழ்களுக்கு இது பெரும்பாலும் வேலை செய்கிறது. தமிழ் நாளிதழ்த் தளங்களில் பல சமயம் தலைப்பு இருக்கும் இடத்தில் தளத்தின் பெயர் வந்து உட்காரும், தேதி வராது. கையால் திருத்திய பிறகுதான் செருக வேண்டும். ஐஎஸ்பிஎன் முறையே 1970ஐ ஒட்டித்தான் வந்தது, அதனால் லெ ஃபானுவுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் எண் கிடையாது, படிவத்தை நாமே நிரப்ப வேண்டும். பத்து நிமிட வேலை, அதற்கு மேல் கருவிக்கு நேரம் ஒதுக்காதீர்கள். பக்க எண்ணில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிடிஎஃப் திரையில் காட்டும் எண் வேறு, தாளில் அச்சிட்ட எண் வேறு. முன்னுரையும் பொருளடக்கமும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளிவிடும். போடவேண்டியது அச்சிட்ட எண்.

அதைவிடப் பெரிய தலைவலிகள் இரண்டு உண்டு, எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் போடமாட்டார்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரிக் கணினி அறையில் எல்லாக் கணினியும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். ஏழாவது மாணவருக்குக் கணக்கு திறக்காது. என் முதல் பயிற்சியில் காலை முழுவதும் இதிலேயே போனது, கடைசியில் பிள்ளைகள் செல்பேசி டேட்டாவைப் போட்டு ஒப்பேற்றினார்கள். ஒரு வாரம் முன்பே வீட்டிலிருந்து கணக்கு தொடங்கி வரச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, புதுக் கணக்கிலிருந்து வெளி இணைப்பு உள்ள மேற்கோளைச் சேமித்தால், கோணல் மாணலான ஆங்கில எழுத்துகளைக் காட்டி அதைத் தட்டச்சு செய்யச் சொல்லும். இயந்திரங்கள் விளம்பர இணைப்புகளைக் கொட்டாமல் இருக்க வைத்த காவல் அது. தமிழ் விசைப்பலகையில் இருக்கும் மாணவர் ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பயந்து பக்கத்தை மூடிவிடுவார், அவர் எழுதியதும் அதோடு போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் மூடமாட்டார்கள்.

எந்த ஆதாரம் நிற்கும் என்று கேட்டால், இரண்டு ஓரங்களில் எனக்குச் சந்தேகம் இல்லை. பல்கலைக்கழக, அரசு வெளியீடுகள், பெயர்பெற்ற பதிப்பகத்தின் ஆய்வு நூல்கள், ஆசிரியர் குழு உள்ள நாளிதழ்கள் நிற்கும். முகநூல் பதிவு, யூடியூப் பயணக் காணொளி, யார் வேண்டுமானாலும் எழுதும் வலைப்பதிவு நிற்காது. நடுவில்தான் சிக்கல். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் தாலுகா எத்தனை என்பதற்கு நல்ல ஆதாரம், ஊரின் பெயர்க்காரணத்துக்கு நான் அதை நம்பமாட்டேன். கோயில் நிர்வாகம் வெளியிட்ட தலவரலாற்றுப் புத்தகம், அந்தக் கோயிலில் இப்படி நம்புகிறார்கள் என்பதற்கு ஆதாரம், அது நடந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது. காக்பர்ன் என்ற ஆட்சியர்தான் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த செய்தி. எந்த ஆண்டு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டை அடித்துச் சொல்லாமல், ‘இன்ன நூல் இன்ன ஆண்டு என்கிறது’ என்று நூலின் வாயிலேயே வைத்து எழுதப் பழக்குங்கள். சேலத்தின் பழைய சினிமா நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி எழுத ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் வருவார்கள். ஏற்காடு சாலையில் நிற்கும் அதன் நுழைவாயில் வளைவைப் படம்பிடித்து, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றட்டும், சந்தோஷம். ஆனால் அங்கே எத்தனை சினிமா எடுத்தார்கள் என்பதற்கு அந்தப் புகைப்படம் மேற்கோள் ஆகாது.

மலைமேல் இருக்கும் ஊர்களைப் பற்றி எழுதும்போது இந்த முறையே தடுமாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் (கேரளத்து மலையாளிகள் இல்லை) பற்றி அச்சில் கிடைப்பதில் பெரும்பகுதி, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளைப் போல, அதிகாரிகள் வெளியிலிருந்து எழுதியது. அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய கதையை ஒரு பாட்டி நேரில் சொன்னால் அது மேற்கோள் ஆகாது, அதையே நூறு வருடம் முன்பு ஓர் ஆங்கிலேயர் கேட்டு எழுதியிருந்தால் ஆகும். மாணவர்கள் இது அநியாயம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழி மேற்கோள் என்று ஒரு முயற்சி நடந்தது, பொது விதியாக அது ஆகவில்லை. இப்போதைக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அந்தப் பாட்டியின் கதையை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் யாராவது பதிவு செய்து வெளியிட்டிருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். பழைய நூலைத்தான் சொல்ல வேண்டிவந்தால், எழுதியவர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள், அது யார் கண்ணில் பட்ட செய்தி என்று படிக்கிறவருக்குத் தெரியட்டும்.

போன வருடம் வந்ததோ இல்லையோ, ஒரு தொல்லை இந்த வருடம் உங்களுக்கு நிச்சயம் வரும். மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் மேற்கோள் கேட்பார்கள். அது ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து மிக ஒழுங்கான மேற்கோள் கொடுக்கும், பல சமயம் அந்த நூல் உலகத்திலேயே இருக்காது. என்னிடம் ஒரு மாணவி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தபோது திட்டவில்லை. “சரி, வா, நூலகப் பட்டியலில் தேடுவோம்” என்று கூட்டிப்போனேன். அரை மணி நேரம் தேடிய பிறகு, அவளே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். கண்ணால் பார்க்காத பக்கத்துக்கு மேற்கோள் போடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

நீக்கப்பட்டால் என்ன செய்வது என்பதைப் பயிற்சி அன்றே செய்து காட்டுங்கள். ஒரு மாணவர் செய்த மாற்றத்தை நீங்களே நீக்கிப் பழையபடி ஆக்கிவிட்டு, வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, யார் நீக்கினார், சுருக்கத்தில் என்ன காரணம் எழுதினார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாக இரண்டு வரி எழுதிக் கேட்கட்டும். தமிழ் விக்கிப்பீடியா சின்ன ஊர் மாதிரி. பயனர்கள் பொதுவாகக் கூடிப் பேசும் ‘ஆலமரத்தடி’ பக்கத்தில் முன்கூட்டியே ஒரு குறிப்புப் போட்டு, இன்ன தேதியில் இன்ன கல்லூரியிலிருந்து இருபது புதியவர்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டால் பழையவர்கள் நீக்குவதற்குப் பதிலாகத் திருத்திக் கொடுப்பார்கள். போன வருடம் நீங்கள் சொல்லாமல் போனது ஒரு காரணம் என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்லமாட்டேன். ஒரே நாளில் முன்பின் தெரியாத இருபது கணக்குகள் விடுதித் தளங்களின் இணைப்பைச் சேர்த்தால், பார்ப்பவருக்கு விளம்பரக் கும்பல் என்றுதான் தோன்றும்.

கடைசியாக, சான்றிதழ் கொடுக்கலாமா, அதிக மேற்கோள் சேர்த்தவருக்குப் பரிசு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சான்றிதழ் கொடுங்கள், பரிசு வேண்டாம். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் ஒரே இணைப்பைப் பத்து வாக்கியத்தின் வாலில் ஒட்டுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். உலகமெங்கும் நூலகர்கள் 2016 முதல் சனவரியில் நடத்தும் இயக்கம் ஒன்று உண்டு, ஒரு நூலகர் ஒரு மேற்கோள் என்று பெயர். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். உங்கள் இருபது பேரிடமும் ஒரு நாள் முழுவதற்கும் ஒன்று மட்டும் கேளுங்கள். மாலையில் இருபது பக்க ஜெராக்ஸையும் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் கட்டுரையின் பெயரை எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எது நின்றது, எது போனது என்று தெரியும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மறுபடி இங்கே வந்து எழுதுங்கள், போனவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.